பாய்மரம் முதல் பாலம் வரை: ஒரு சமூகம் புதிய தொழில்நுட்பத்துக்கு மாறுவது எப்படி?

1985ஆம் ஆண்டைப் பினாங்குத் தமிழர்களால் எளிதில் மறந்துவிட முடியாது. அந்த ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து சென்னையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் வங்காள விரிகுடாவில் தீப்பிடித்து எரிந்தது. பலர் உயிரிழந்தனர். அதன் பிறகு அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றவே இல்லை. தமிழகத்தையும் இந்த மண்ணையும் தலைமுறை தலைமுறையாக இணைத்து வந்த பயணிகள் கப்பல் போக்குவரத்து அத்துடன் நின்றுபோனது.

அதே ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி பினாங்குப் பாலம் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. 13.5 கிலோமீட்டர் நீளம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே படகை நம்பி வாழ்ந்த மக்கள் முதன்முறையாகக் கடலைச் சாலை வழியாகக் கடந்தார்கள்.

ஒரே ஆண்டில் ஒரு கடல்வழி மூடியது. ஒரு கடல்பாதை திறந்தது. புதியது வந்தால் பழையது போய்விடும், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஆனால் ஆராய்ந்து பார்த்தால் அது அவ்வளவு எளிய கதையல்ல. புதிய தொழில்நுட்பம் சில வேளைகளில் கதவைத் தட்டிவிட்டு ஐம்பது ஆண்டுகள் வாசலிலேயே நிற்கும். சில வேளைகளில் ஐந்தே ஆண்டுகளில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏன் இந்த வேறுபாடு? யார் முதலில் மாறுகிறார்கள்? மாற முடியாமல் போனவர்கள் மீது குற்றம் சொல்லலாமா? இந்தக் கேள்விகளுக்கு அறிஞர்கள் பல கோட்பாடுகளை முன்வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பினாங்குத் துறைமுகத்தின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் எளிதாக விளங்கும்.

மனிதர்களை ஐந்து வகையாகப் பிரித்தவர்

1943ஆம் ஆண்டில் ரயன், கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் அயோவா மாநில விவசாயிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல விளைச்சல் தரும் கலப்பின மக்காச்சோள விதை கடைக்கு வந்திருந்தது. ஆனால் எல்லா விவசாயிகளும் அதை ஒரே நேரத்தில் வாங்கிவிடவில்லை. சிலர் உடனே வாங்கினார்கள். பலர் பக்கத்து வயலைப் பார்த்த பிறகு வாங்கினார்கள். இன்னும் சிலர் பல ஆண்டுகள் கழித்துத்தான் வாங்கினார்கள்.

இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 1962இல் புத்தாக்கப் பரவல் பற்றிய நூலை எழுதியவர் எவரெட் ரோஜர்ஸ். அவர் மனிதர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். துணிந்து முதலில் இறங்குவோர் 2.5 விழுக்காடு. அவர்களைப் பார்த்துச் சீக்கிரம் ஏற்போர் 13.5 விழுக்காடு. அடுத்து வரும் பெரும்பான்மையினர் 34 விழுக்காடு. தயங்கித் தயங்கி ஏற்போர் மேலும் 34 விழுக்காடு. கடைசியில் வருவோர் 16 விழுக்காடு.

ஒரு புதிய பொருள் விரைவாகப் பரவ வேண்டுமானால் ஐந்து தன்மைகள் வேண்டும் என்றும் அவர் சொன்னார். பழையதைவிட அதில் கூடுதல் நன்மை இருக்க வேண்டும். நமது பழக்க வழக்கங்களோடு ஒத்துப்போக வேண்டும். பயன்படுத்தச் சிக்கலில்லாமல் இருக்க வேண்டும். சிறிதளவு முயன்று பார்க்க இடம் தர வேண்டும். அதன் பலன் மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கைத்தொலைபேசி ஏன் நம்மிடம் இவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு இந்த ஐந்தும் நல்ல விளக்கம்தான். ஆனால் இக்கோட்பாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. கடைசியில் வருபவரைப் பின்தங்கியவர் என்று பெயர் சூட்டிவிடுகிறது. தவறு அந்த மனிதரிடம்தான் என்ற எண்ணம் நமக்குத் தானாகவே வந்துவிடுகிறது. அது சரிதானா? இதற்குப் பாய்மரக் கப்பல்களின் கதையைக் கேட்க வேண்டும்.

காற்றை நம்பிய காலம்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றிய நாள்களிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இங்கே வந்துவிட்டார்கள். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, காரைக்கால் எனப் பல துறைகளிலிருந்து பாய்மரக் கப்பல்கள் துணிமணிகளோடும் ஆட்களோடும் வந்தன. ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை அக்கரையிலிருந்து கப்பலில் வந்து, உழைத்துச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருவதாகவும் லைட் 1794இல் எழுதியிருக்கிறார். லெபோ சூலியா என்ற தெருப் பெயரும், காதிர் முகைதீன் முன்னின்று 1801இல் உருவாக்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அந்தக் காலத்தின் சாட்சிகள்.

அக்கப்பல்களுக்கு எரிபொருள் காற்று. பருவக்காற்று எந்தத் திசையில் வீசுகிறதோ அதுதான் வணிகத்தின் நாள்காட்டி. காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும்.

1845இல் பி அண்ட் ஓ நிறுவனத்தின் லேடி மேரி வுட் என்ற நீராவிக் கப்பல் தபால் மூட்டைகளோடு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. அன்றே பாய்மரத்தின் காலம் முடிந்துவிட்டதா? இல்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பாய்மரங்கள் ஓடின. இந்த இடைவெளியில்தான் முக்கியமான பாடம் இருக்கிறது.

மூன்று அடுக்குகள்

நெதர்லாந்து அறிஞர் பிராங்க் கீல்ஸ் 2002இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1780 முதல் 1900 வரை உலகம் பாய்மரத்திலிருந்து நீராவிக்கு மாறியதுதான் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம். ஒரு மாற்றத்தை மூன்று அடுக்குகளில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து.

கீழ் அடுக்கு நாற்றங்கால். புதிய தொழில்நுட்பம் பிறக்கும்போது பலவீனமாகத்தான் இருக்கும். விலை அதிகம், கோளாறு அதிகம். திறந்த வயலில் நட்டால் பிழைக்காது. யாராவது வேலி போட்டுக் காக்க வேண்டும். தொடக்க கால நீராவிக் கப்பல் நிலக்கரியை அளவில்லாமல் விழுங்கியது. கரிக்கே இடம் போதாமல் சரக்குக்கு இடம் குறைந்தது. அதைக் காப்பாற்றியது தபால். குறித்த நாளில் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் பிரிட்டிஷ் அரசாங்கம் தபால் ஒப்பந்தம் என்ற பெயரில் பணத்தைக் கொட்டியது. அந்த நிழலில்தான் நீராவி வளர்ந்தது.

நடு அடுக்கு நடைமுறையில் வேரூன்றிய அமைப்பு. கப்பல் மட்டும் அமைப்பு ஆகிவிடாது. கப்பல் கட்டுவோர், மாலுமிகள், காப்புறுதி, துறைமுகம், கடன் கொடுப்போர், வாடிக்கையாளர் என எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாற வேண்டும். அதனால் பழைய அமைப்பு எளிதில் அசையாது. போட்டி வந்ததும் பாய்மரக் கப்பல்களும் சும்மா இருக்கவில்லை. மேலும் நீளமாக, மேலும் வேகமாகக் கட்டப்பட்டன. புதியது வந்த பிறகுதான் பழையது தன் உச்சத்தைத் தொட்டது!

மேல் அடுக்கு யார் கையிலும் இல்லாத பெரிய சூழல். போர், பஞ்சம், அரசியல், உலகச் சந்தை ஆகியவை அதில் அடங்கும். மேலிருந்து அழுத்தம் வந்து நடு அடுக்கில் விரிசல் விழும்போது, நாற்றங்காலில் தயாராக இருக்கும் பயிர் அந்த விரிசலில் வேர் விடுகிறது.

பினாங்கில் அந்த விரிசல் எப்போது விழுந்தது? 1866இல் ஆல்பிரட் ஹோல்ட் என்பவரின் அகமெம்னான் கப்பல், கரியைச் சிக்கனமாகச் செலவழிக்கும் புதிய இயந்திரத்தோடு லிவர்பூலிலிருந்து மொரிசியஸ், பினாங்கு வழியாகச் சீனாவுக்குப் புறப்பட்டது. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. செங்கடலின் காற்று பாய்மரங்களுக்கு ஒத்துவராது. ஆகவே அந்தக் குறுக்குவழி நீராவிக்கே வாய்த்தது. சுமார் ஓர் ஆண்டில் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பியும் வந்து சேர்ந்தது. இயந்திரம், கால்வாய், தந்தி ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தபோது பாய்மர வணிகத்தின் கால் இடறியது.

மாற மறுத்தார்களா, மாற முடியவில்லையா?

இந்த மாற்றத்தில் சோழமண்டலக் கரையின் கப்பல் உரிமையாளர்கள் பெரும்பாலும் தங்கள் இடத்தை இழந்தார்கள். அவர்கள் பழமைவாதிகள், அதனால்தான் பின்தங்கினார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் நீராவிக் கப்பல் வாங்கினால் மட்டும் போதாது. பெரும் மூலதனம் வேண்டும், வழியெங்கும் கரி நிலையம் வேண்டும், பழுதுபார்க்கும் பட்டறை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தபால் ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தம் யாருக்குக் கிடைக்கும் என்பதை முடிவு செய்தது லண்டனும் கல்கத்தாவும். நாகூர் அல்ல.

இதற்குத் தமிழர் எல்லாரும் அறிந்த ஒரு சாட்சி உண்டு. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தூத்துக்குடியில் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் வாங்கப்பட்டன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. தொழில்நுட்பத்தை ஏற்க மனம் இருந்தது. பணமும் திரட்டப்பட்டது. மக்கள் ஆதரவும் இருந்தது. நடந்தது என்ன? எதிர்த்தரப்பில் நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை வெட்டியது, இலவசமாகக்கூட ஏற்றிச்செல்ல முன்வந்தது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார். 1911இல் நிறுவனமே கலைக்கப்பட்டது.

கப்பலோட்டிய தமிழனைப் பின்தங்கியவர் என்று யாராவது சொல்வார்களா? ரோஜர்ஸின் பட்டியலில் அவர் துணிந்து முதலில் இறங்கியவர். அவரைத் தோற்கடித்தது இயந்திரத்தின் குறையல்ல. வேரூன்றிய அமைப்பின் பலம். இரண்டு கோட்பாடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதன் காரணம் இதுதான். ஒன்று மனிதரின் மனதைக் காட்டுகிறது. மற்றொன்று அந்த மனிதரைச் சுற்றி இருக்கும் சுவரைக் காட்டுகிறது.

கப்பல் வந்தது, கப்பல் போனது

நீராவி நிலைத்த பிறகு அதுவே புதிய அமைப்பாகிவிட்டது. ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். 1907இல் அமைக்கப்பட்ட இந்தியக் குடியேற்றக் குழு, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணத்தில் தொழிலாளர்களின் கப்பல் செலவை ஏற்றது. வந்தவர்கள் பூலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். கப்பல், தோட்டம், முகாம், குழு எல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. 1973இல் அது ஓய்வு பெற, எம்.வி. சிதம்பரம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அதற்குள் வானத்தில் ஜெட் விமானம் வந்துவிட்டது. வசதி உள்ளவர்கள் பறந்தார்கள். பெட்டி படுக்கையோடு போக வேண்டியவர்கள் கப்பலையே நம்பினார்கள். 1985 தீ விபத்து அந்த நம்பிக்கையை முடித்துவைத்தது. விபத்துதான் காரணம் என்று தோன்றும். உண்மையில் விரிசல் ஏற்கெனவே விழுந்திருந்தது. விபத்து கடைசித் தள்ளல். 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானச் சேவை தொடங்கியபோது, ஒரு வாரப் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியிருந்தது.

இரும்புப் பெட்டி பறித்த வேலை

துறைமுகத்தின் உள்ளேயும் ஒரு புரட்சி நடந்தது. நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கைத் தோணிகளில் இறக்கி, கரைக்குக் கொண்டுவந்து, முதுகில் சுமந்து கிடங்கில் சேர்த்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்த உழைப்பாளிகளின் பசியைத் தீர்க்கக் காவடிபோல் தோளில் கம்பு தாங்கி வந்த சோறுதான் நாசி கண்டார்.

1956 ஏப்ரல் 26ஆம் தேதி மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லோரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுதான் கொள்கலன் யுகத்தின் தொடக்கம். அந்தப் பெட்டியில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஆனால் பெட்டியின் அளவை உலகம் முழுவதும் ஒன்றாக்கியதும், பாரந்தூக்கி, லோரி, ரயில், கப்பல் எல்லாம் அந்த அளவுக்கு மாறின. நூறு பேர் பல நாள்கள் செய்த வேலையைச் சில பேர் சில மணி நேரத்தில் முடித்தார்கள். பினாங்கின் சரக்கு வேலை பெருநிலத்துப் பட்டர்வொர்த்துக்கு நகர்ந்தது. தீவுப் பக்கத்து ஸ்வெட்டன்ஹாம் துறையில் இன்று உல்லாசக் கப்பல்கள் நிற்கின்றன.

பொருளாதார அறிஞர் ஷூம்பீட்டர் 1942இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: படைப்பழிவு. புதியதைப் படைக்கும் அதே கை பழையதை அழிக்கிறது. பினாங்கு இதன் இரண்டு பக்கத்தையும் பார்த்தது. 1969இல் சுங்கவரியற்ற துறைமுக உரிமை பறிபோனது. தீவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. ஆனால் 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வட்டாரம் உருவாகி, இன்டெல் உள்ளிட்ட மின்னியல் நிறுவனங்கள் வந்தன. ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு மொத்தத்தில் லாபம். ஆனால் சுமை தூக்கிய ஐம்பது வயதுக்காரரை நுண்சில்லு ஆலை வேலைக்கு அழைக்கவில்லை. இழந்தவரும் பெற்றவரும் ஒரே ஆள் அல்ல. இந்த வாக்கியத்தை மறந்துவிட்டு எந்த முன்னேற்றத்தையும் பேசக்கூடாது.

பழையது முற்றாகச் சாவதில்லை

பாலம் வந்த பிறகும் பெர்ரி படகுகள் நின்றுவிடவில்லை. 1894இல் தொடங்கிய படகுச் சேவை தொடர்ந்து ஓடியது. 2014இல் இரண்டாவது பாலம் வந்தது. 2019இல் மோட்டார்சைக்கிள்களுக்குப் பாலக் கட்டணமும் ரத்தானது. கார்களை ஏற்றிய அந்தப் பழைய பெர்ரிகள் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஓய்வு பெற்றன. அப்போதும் படகு போகவில்லை. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய பெர்ரிகள் வந்தன. அவற்றில் கார்களுக்கு இடமில்லை. நடந்து வருவோருக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் மட்டுமே. பழைய தொழில்நுட்பம் தனக்கென்று ஒரு சிறு இடத்தைப் பிடித்துக்கொண்டது. தூத்துக்குடித் தோணிகளும் இப்படித்தான். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாய் விரித்தே கடலில் ஓடின.

மாறாக, ஜார்ஜ் டவுன் டிராம் வண்டிகளுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. 1925இல் டிராலி பஸ் வந்தது, 1936இல் டிராம் மறைந்தது. 1961இல் டிராலி பஸ்ஸும் மறைந்து எண்ணெயில் ஓடும் பேருந்துகளே மிஞ்சின. மின்சாரத்தில் ஓடிய வண்டிகளை வழியனுப்பிய அதே தீவில், 2025 ஜனவரியில் இலகு ரயில் திட்டப்பணி தொடங்கி வைக்கப்பட்டது. தொழில்நுட்பம் எப்போதும் ஒரே திசையில் நேர்க்கோட்டில் நடப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

சட்டம் பின்னால் வரும்

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆக்பர்ன் 1922இல் சொன்ன கருத்து ஒன்று இன்றும் பொருந்துகிறது. இயந்திரம் முன்னே ஓடும். பழக்கமும் சட்டமும் மூச்சிரைக்கப் பின்னால் வரும். அதைப் பண்பாட்டுப் பின்னடைவு என்றார். ஆலை இயந்திரங்களில் கைகால் இழந்தவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் வரப் பல பத்தாண்டுகள் ஆனதை அவர் எடுத்துக்காட்டினார்.

நம் நாட்டில் 2012இல் மைதெக்சி செயலி வந்தது. மின்வாடகை வண்டிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் திருத்தம் 2017இல் வந்தது. இத்தகைய தற்சார்புத் தொழிலாளர்களுக்கான தனிச் சட்ட மசோதா 2025இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மழையிலும் வெயிலிலும் வண்டி ஓட்டியவர்கள்தான் அந்தப் பின்னடைவின் விலையைக் கொடுத்தவர்கள்.

இன்றைய கடைத்தெருவில்

இப்போது லிட்டில் இந்தியாவுக்கு வருவோம். லெபோ பசாரில் பூ விற்பவர் முதல் மளிகைக்கடைக்காரர் வரை கியூஆர் அட்டையை மாட்டி வைத்திருக்கிறார்கள். இந்த மாற்றத்தையும் மூன்று அடுக்கில் பார்க்கலாம். 2020 தொடக்கத்தில் அரசாங்கம் மின்பணப்பை பயன்படுத்துவோருக்கு 30 வெள்ளி தந்தது. அது நாற்றங்காலுக்குப் போட்ட வேலி. அதே ஆண்டு மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அது மேலிருந்து விழுந்த இடி. ரொக்கத்தைத் தொடவே மக்கள் அஞ்சினார்கள். நடு அடுக்கு அசைந்தது.

ஆனால் கடைக்கு வரும் பாட்டி ஒருவர் இன்னும் முந்தானையில் முடிந்த காசைத்தான் எடுக்கிறார். அவரைப் பார்த்து, காலத்துக்கு ஏற்றபடி மாறாதவர் என்று முகம் சுளிக்கலாம். அல்லது வேறு கேள்விகளைக் கேட்கலாம். அவரிடம் கைத்தொலைபேசி இருக்கிறதா? அதன் எழுத்துகள் அவர் கண்ணுக்குத் தெரிகின்றனவா? அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்கின்றனவா? பணம் தவறிப் போனால் யாரிடம் முறையிடுவார்? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் குறை பாட்டியிடம் இல்லை. அவரைச் சுற்றி எழுப்பப்பட்ட அமைப்பில் இருக்கிறது.

நாளை மின்சார வண்டி வரும், செயற்கை நுண்ணறிவு வரும், இன்னும் பெயர் வைக்கப்படாத பலவும் வரும். ஒவ்வொன்றும் வரும்போது அதன் வேகத்தைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு. இந்த நாற்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? விளைச்சல் யாருக்குப் போகிறது? வேலை இழப்பவருக்குக் கைகொடுக்கச் சட்டம் தயாரா, இல்லை மறுபடியும் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டுமா?

காற்று திரும்பும் என்று காத்திருந்த கப்பல்காரர்களுக்குக் காற்று திரும்பியது. ஆனால் காலம் திரும்பவில்லை. நம் பிள்ளைகளை அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவது பெற்றோரின் கடமை. ஏற முடியாதவர்களைத் துறையிலேயே விட்டுவிடாமல் இருப்பது சமூகத்தின் கடமை. முதல் கடமையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இரண்டாவதைப் பற்றியும் பேசத் தொடங்குவோம்.